அடிமனையும் அறிவிப்பும்



பழைய சென்னையில், "வீடு என்னுடையது, மனை மற்றொருவருடையது" என்று சொல்லக்கூடியவர்கள் பலர் இருந்தனர். இன்று கேட்போருக்கு இது விந்தையாகத் தோன்றலாம். ஆயினும் நகரின் பல பகுதிகளில் வழங்கிவந்த முறை அதுவே. நிலம் ஒருவருக்கு உரியது. அதில் அடிமனை வாடகைக்குக் குடியேறியவர், தம் கைப்பொருளைச் செலவிட்டுச் சுவர் எழுப்பிக் கூரை வேய்ந்துகொள்வார். இத்தனை ஆண்டுக் குத்தகை என்று பலர் எழுதிக்கொள்ளவில்லை. முறையான வாடகையைச் செலுத்தி வரும்வரையில் தம்மை எவரும் எழுப்பமாட்டார் என்பதே அவர்களுடைய நம்பிக்கை.

ஆனால், நம்பிக்கை வேறு, சட்டம் வேறு. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தில் 106ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. மாத வாடகைக்கு இருப்பவரை விலக்க 15 நாள் அறிவிப்புப் போதும் என்பது அதன் விதி. அந்த 15 நாளும் வாடகை மாதத்தின் முடிவோடு முடிதல் வேண்டும் என்பது அக்காலத்து நிபந்தனை. அறிவிப்பில் காரணம் கூற வேண்டுவதில்லை.

அப்படியானால் குடியிருப்பவர் கட்டிய வீடு என்னாவது? அதற்கும் அச்சட்டத்தின் 108ஆம் பிரிவு விடை கூறிற்று. கட்டியதைப் பெயர்த்து எடுத்துச் செல்லலாம்; மனையைப் பெற்ற நிலையில் திருப்பிவிட வேண்டும். மரத்தையும் ஓட்டையும் வண்டியில் ஏற்றலாம். சுவரை எவ்வாறு ஏற்றுவது? வாழ்நாள் முழுவதும் சேர்த்த பொருள் ஒரே மாதத்தில் மண்ணாகிவிடும்.

இத்தகைய குடிகள் பலரை வெளியேற்றும் முயற்சிகள் பெருகியபோது சென்னைச் சட்டசபை தலையிட்டது. 1921ஆம் ஆண்டின் சென்னை நகரக் குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் இவ்வாறு பிறந்ததே. 1922ஆம் ஆண்டின் 3ஆம் சட்டமாக அது பதிவாயிற்று.

அச்சட்டம் முதலில் அறிவிப்பின் தன்மையையே மாற்றியது. எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்து 3 மாதம் கழிந்த பின்னரே நிலக்காரர் வழக்குத் தொடரலாம். 'காலி செய்' என்றால் மட்டும் போதாது. கட்டடத்துக்கும் மரங்களுக்கும் இழப்பீடு தர இசைந்து, தொகையையும் அதிலேயே குறிப்பிட வேண்டும். இதனினும் பெரியது 9ஆம் பிரிவு. வழக்குக்கு உட்பட்ட குடியிருப்பவர், அம்மனையைத் தமக்கே விலைக்கு விற்குமாறு ஆணையிட நீதிமன்றத்தை வேண்டலாம். துரத்தப்பட இருந்தவருக்கு, நிலத்துக்கே உரியவராகும் வழி திறந்தது!

இதில் நிலக்காரருக்கு அநீதி இல்லையா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். தம் நிலத்தை விற்க விரும்பாதவரையும் விற்கச் செய்யும் சட்டம் அது. ஆதலால்தான் பிற்காலத் திருத்தம், வீட்டை வசதியாக அனுபவிக்கத் தேவையான குறைந்த அளவு நிலத்தையே விலைக்குக் கேட்கலாம் என்று வரையறுத்தது. 1996ஆம் ஆண்டுத் திருத்தமோ சமய நிறுவனங்களின் நிலங்களுக்கு விலக்களித்தது. இப்படித் தராசின் இரு தட்டுகளும் மாறிமாறித் தாழ்ந்தும் உயர்ந்தும் வந்திருக்கின்றன.

கட்டடத்தையே வாடகைக்கு எடுத்தோரின் வரலாறு வேறு. அவர்களுக்கு 1946, 1949, 1960 ஆகிய ஆண்டுகளில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் வந்தன. வெளியேற்றுவதற்குரிய காரணங்களை அவை வரையறுத்தன. 1979இல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள், அத்தகைய சட்டங்களின்கீழ் வெளியேற்றம் கோரும்போது 106ஆம் பிரிவு அறிவிப்புத் தேவையில்லை என்று தீர்ப்பளித்தனர். காரணத்தை மெய்ப்பிப்பதே இன்றியமையாதது என்பது அதன் கருத்து. 1960ஆம் ஆண்டுச் சட்டமும் நீக்கப்பட்டு, 2017ஆம் ஆண்டில் இயற்றிய புதிய சட்டம் 2019இல் நடப்புக்கு வந்தது.

அறிவிப்பு என்பது ஒரு தாள்தான். ஆனால் அதில் நாள் மட்டும் இருந்தால் அது கட்டளை. காரணமும் ஈடும் இருந்தால் அது நியாயம். அடிமனைக் குடிகளின் வரலாறு நமக்கு உணர்த்தும் வேறுபாடு இதுவே.