திருப்பதி வட்டாரத்தில் உயர்நிலைப் பள்ளி உயிரியல் பாடத்தைத் திட்டமிடும் முறை: 1911 முதல் இன்று வரையிலான வளர்ச்சி

ஓர் உயிரியல் பாடத்தைத் திட்டமிடுவது என்பது மூன்று கேள்விகளுக்கு விடை காண்பது: எதைக் கற்பிப்பது, எந்த வரிசையில் கற்பிப்பது, மாணவர் கற்றதை எப்படி அறிவது. முதல் கேள்விக்கு அரசின் பாடத்திட்டமும் மூன்றாவது கேள்விக்குப் பொதுத்தேர்வும் பெரும்பாலும் விடை சொல்லிவிடுகின்றன. நடுவில் உள்ள வரிசையும் அதற்குரிய பாடவேளைகளும்தான் ஆசிரியரின் ஆண்டுத் திட்டத்தில் உருவாகின்றன. திருப்பதி, சித்தூர் வட்டாரத்தில் இந்த மூன்றும் நூறாண்டுக்கும் மேலாக எவ்வாறு மாறிவந்தன என்பதையும், சேஷாசலம் மலைகளும் அவற்றைச் சுற்றியுள்ள உயிர்வளமும் அந்த மாற்றங்களில் எப்போது இடம்பெற்றன, எப்போது விடுபட்டன என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

மாகாணக் காலம்: 1911–1953

சித்தூர் மாவட்டம் 1911 ஏப்ரல் 1 அன்று உருவானது. அதுவரை வட ஆர்க்காடு மாவட்டத்தின் தலைநகராக இருந்த சித்தூர், சந்திரகிரி உள்ளிட்ட வட ஆர்க்காட்டுப் பகுதிகளோடும் மதனப்பள்ளி முதலிய கடப்பைப் பகுதிகளோடும் புதிய மாவட்டமாயிற்று. ஏறக்குறைய அதே காலத்தில்தான் சென்னை மாகாணத்தில் எஸ்.எஸ்.எல்.சி. முறை நடைமுறைக்கு வந்தது. 1857 முதல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் மெட்ரிகுலேஷன் தேர்வே பள்ளிப் படிப்பின் இலக்காக இருந்தது. புதிய முறையில் பொதுத்தேர்வு மதிப்பெண்ணோடு பள்ளியில் பெற்ற மதிப்பெண்களும் சான்றிதழ்ப் புத்தகத்தில் பதிவாயின. ஆண்டு முழுவதும் நடக்கும் வகுப்பு வேலைக்கு ஏட்டளவிலேனும் மதிப்பு கிடைத்த முதல் ஏற்பாடு இது.

அக்காலத்தில் உயிரியல் என்று தனிப்பாடம் இல்லை. தொடக்க வகுப்புகளில் இயற்கைப் பாடமும், உயர் வகுப்புகளில் பொது அறிவியலின் ஒரு பகுதியும், விரும்பிய மாணவர்களுக்குத் தாவரவியலும் இருந்தன. திட்டமிடலுக்கு முதல் தடையாக நின்றவை பாடநூல்களே. இங்கிலாந்தில் அச்சான நூல்கள் அந்நாட்டுச் செடிகளைக் கொண்டு பூவின் பகுதிகளை விளக்கின; அந்தச் செடிகளை இங்குள்ள மாணவர் பார்த்ததே இல்லை. இந்தக் குறையைப் போக்க சென்னை மாநிலக் கல்லூரித் தாவரவியல் பேராசிரியர் பி.எஃப். ஃபைசன் இந்திய மாணவர்களுக்கென ஒரு தாவரவியல் நூலை 1912இல் வெளியிட்டார். கோயம்புத்தூர் வேளாண் கல்லூரியைச் சேர்ந்த க. ரங்காச்சாரி எழுதிய தொடக்கத் தாவரவியல் கையேடு 1916இல் சென்னை அரசு அச்சகத்தில் வெளியானது. தென்னிந்தியாவில் கைக்கெட்டும் செடிகளையே எடுத்துக்காட்டாகக் கொண்ட இந்நூல்கள் வந்த பிறகே, வகுப்புக்கு வெளியே போய் ஒரு செடியைப் பிடுங்கிவந்து பாடம் நடத்துவது திட்டத்தின் பகுதியாக இயலக்கூடியதாயிற்று. ஜே.எஸ். கேம்பிள் தொடங்கிய சென்னை மாகாணத் தாவரத் தொகுப்பு 1915க்கும் 1936க்கும் இடையே பகுதி பகுதியாக வெளிவந்து, பாடநூல் எழுதுவோருக்கு அடிப்படை ஆதாரமாயிற்று.

இரண்டாவது தடை மொழி. தெலுங்கும் தமிழும் கலந்து வழங்கும் இவ்வட்டாரத்தில் உயர் வகுப்பு அறிவியல் ஆங்கிலத்திலேயே நடந்தது. சேலத்தில் 1916இல் ராஜாஜியும் வெங்கடசுப்பய்யரும் தொடங்கிய தமிழ்ச் சாஸ்திர பரிபாஷைச் சங்கமும், சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938இல் வெளியிட்ட கலைச்சொல் தொகுப்பும் தாய்மொழியில் உயிரியல் கற்பிக்கத் தேவையான சொற்களைத் திரட்டித் தந்தன.

மாநிலப் பிரிவும் பொது அறிவியலும்: 1953–1968

1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் அதனோடு சென்றது. 1960 ஏப்ரல் 1 அன்று எல்லை மாற்றத்தின்படி திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. ஒரே மாவட்டத்தில் ஒரே பாடத்திட்டத்தைப் படித்துவந்த பள்ளிகள் இரண்டு மாநிலங்களின் பாடத்திட்டங்களுக்குள் பிரிந்தன. ஆந்திரப் பக்கம் தங்கிவிட்ட நகரி, குப்பம் போன்ற எல்லைப் பகுதிகளின் தமிழ் மாணவர்கள் ஆந்திரப் பாடத்திட்டத்தைத் தமிழில் படிக்கும் நிலை இவ்வாறு ஏற்பட்டது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வைத் தமிழிலும் எழுத ஆந்திரத் தேர்வுத்துறை இடமளித்து வந்திருக்கிறது.

இதே காலத்தில் பாடத்தின் உள்ளடக்கத்தை மாற்றியவை நாடு தழுவிய இரண்டு முயற்சிகள். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார் தலைமையிலான இடைநிலைக் கல்வி ஆணையம் (1952–53) எல்லா மாணவர்க்கும் பொது அறிவியலைக் கட்டாயமாக்கப் பரிந்துரைத்தது. சிம்லாவை அடுத்த தாராதேவியில் 1956இல் நடந்த அனைத்திந்திய அறிவியல் கற்பித்தல் கருத்தரங்கு அதற்கான பாட வடிவத்தை விவாதித்தது.

தேர்வுச் சீர்திருத்தமும் அப்போதே தொடங்கியது. அமெரிக்கக் கல்வியியலாளர் பெஞ்சமின் ப்ளூம் 1957இல் இந்தியா வந்து பயிலரங்குகள் நடத்தினார். அதன் தொடர்ச்சியாக மத்தியத் தேர்வுப் பிரிவு உருவானது. அறிவு, புரிதல், பயன்படுத்தல், செய்திறன் என்று ஒவ்வொரு அலகுக்கும் நோக்கங்களை முதலில் எழுதி, பிறகு பாடப்பொருளையும் வினாக்களையும் அமைக்கும் அலகுத் திட்டம் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிகளில் பரவியது. அதுவரை பயிற்சிக் கல்லூரிகளில் கோலோச்சிய ஹெர்பார்ட்டின் ஐந்து படி பாடக்குறிப்பு ஒரு வகுப்புவேளையை மட்டுமே கருதியது. அலகுத் திட்டம் பல வாரங்களை ஒன்றாகப் பார்க்க ஆசிரியரைப் பழக்கியது.

திருப்பதி இந்தக் காலத்தில் உயிரியல் கல்வியின் மையமாக வளர்ந்தது. திருமலை திருப்பதி தேவஸ்தானம் 1945இல் தொடங்கிய ஸ்ரீ வேங்கடேஸ்வரா கலைக் கல்லூரியை அடுத்து, 1954இல் ஸ்ரீ வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகமும், 1955இல் கால்நடை மருத்துவக் கல்லூரியும், 1960இல் மருத்துவக் கல்லூரியும், 1961இல் வேளாண் கல்லூரியும் இந்நகரில் தோன்றின. பள்ளி உயிரியலுக்கு அப்பால் மாணவர் செல்லக்கூடிய நான்கு வழிகள் ஒரே நகரில் திறந்தன. இது பாடத்துக்கு மதிப்பைத் தந்தது. அதே வேளையில் நுழைவு இடங்களுக்கான போட்டியும் அப்பாடத்தோடு ஒட்டிக்கொண்டது.

பிரிந்த பாடம்: 1966–2010

அமெரிக்காவில் 1958இல் தொடங்கிய உயிரியல் பாடத்திட்ட ஆய்வு அமைப்பு, செய்முறையையும் விசாரணையையும் மையமாகக் கொண்ட மூன்று வகைப் பாடநூல்களை 1963இல் வெளியிட்டது. இந்தியாவில் 1961இல் நிறுவப்பட்ட என்.சி.இ.ஆர்.டி., தாவரவியலாளர் பஞ்சானன் மகேஸ்வரி தலைமையில் மேல்நிலைப் பள்ளிகளுக்கான உயிரியல் நூலை உருவாக்கியது. 1963 முதல் நடந்த கோடைகால அறிவியல் நிறுவனங்களில் ஆசிரியர்கள் புதிய முறையில் பயிற்சி பெற்றனர்.

கல்விக்கான கோத்தாரி ஆணையத்தின் 1966 அறிக்கை பத்தாம் வகுப்புவரை அறிவியலை அனைவருக்கும் கட்டாயமாக்கப் பரிந்துரைத்தது. பொது அறிவியலுக்குப் பதில் இயற்பியல், வேதியியல், உயிரியல் எனத் துறைவாரியாகக் கற்பிக்கவும் வலியுறுத்தியது. ஆந்திரம் தேர்ந்த வழி இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. உயர்நிலை வகுப்புகளில் அறிவியல் பௌதிக அறிவியல், உயிரியல் என இரண்டு பிரிவாயிற்று. இரண்டுக்கும் தனித்தனி ஆசிரியர்கள் நியமனமானார்கள். இப்பிரிவின் விளைவு திட்டமிடலில் நேரடியாகத் தெரிந்தது: உயிரியலுக்கென ஓர் ஆசிரியர், தனிப் பாடவேளைகள், தனி வினாத்தாள், தனி ஆண்டுத் திட்டம் ஆகியவை உறுதியாயின. ஆனால் ஒளிச்சேர்க்கையைப் புரிந்துகொள்ளத் தேவையான வேதியியலும், சுற்றோட்டத்தைப் புரிந்துகொள்ளத் தேவையான அழுத்தம் பற்றிய இயற்பியலும் வேறொரு ஆசிரியரின் கால அட்டவணையில் இருந்தன. இரு திட்டங்களையும் ஒத்திசைக்கும் பொறுப்பு பள்ளியளவில் ஆசிரியர்களிடமே விடப்பட்டது.

பத்தாம் வகுப்புக்குப் பிறகு ஆந்திரத்தில் ஈராண்டு இன்டர்மீடியட் படிப்பு 1969இல் தொடங்கியது; அதற்கான வாரியம் 1971இல் அமைந்தது. தமிழ்நாட்டில் மேல்நிலை வகுப்புகள் 1978இல்தான் வந்தன. ஆந்திரத்தில் இப்படிப்பு பெரும்பாலும் ஜூனியர் கல்லூரிகளில் நடந்ததால், பள்ளி உயிரியலும் ‘பைபிசி’ (உயிரியல், இயற்பியல், வேதியியல்) பிரிவின் தாவரவியல், விலங்கியல் பாடங்களும் வெவ்வேறு நிறுவனங்களில் வெவ்வேறு ஆசிரியர்களால் திட்டமிடப்பட்டன. 1986இல் எம்செட் நுழைவுத்தேர்வு வந்தபின் இடைவெளி கூடியது. ஜூனியர் கல்லூரியின் திட்டம் கொள்குறி வினாக்களின் வேகத்துக்கு இசைந்தது. களப் பயணத்துக்கும் ஹெர்பேரியத் தாளுக்கும் அதில் இடம் சுருங்கியது.

வட்டார இயற்கையின் வருகை

பாடத்திட்டம் ஒரு பக்கம் இறுகிக்கொண்டிருந்த காலத்தில், இவ்வட்டாரத்தின் உயிர்வளம் பற்றிய அறிவு மறுபக்கம் பெருகியது. திருமலைச் சரிவுகளில் திருப்பதி உயிரியல் பூங்கா 1987இல் அமைந்தது. ஸ்ரீ வேங்கடேஸ்வரா தேசியப் பூங்கா 1989இல் அறிவிக்கப்பட்டது. சேஷாசலம் 2010இல் ஆந்திரத்தின் முதல் உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. மாதவ செட்டி, சிவாஜி, துளசி ராவ் ஆகியோர் தொகுத்த சித்தூர் மாவட்டப் பூக்கும் தாவரங்கள் நூல் 2008இல் திருப்பதியில் வெளியானது.

வட்டார இயற்கையைப் பள்ளிக்குள் கொண்டுவந்ததில் மதனப்பள்ளியை அடுத்த ரிஷிவேலி முன்னோடி. ஜே. கிருஷ்ணமூர்த்தியின் கல்வி நோக்கில் அங்கு அமைந்த பள்ளி, வறண்ட பள்ளத்தாக்கில் மரம் வளர்த்துப் பறவைகளுக்கு வாழிடம் உண்டாக்கியது. எஸ். ரங்கசுவாமியும் எஸ். ஸ்ரீதரும் அப்பள்ளத்தாக்கின் பறவைகளைப் பற்றி எழுதிய நூல் 1993இல் வந்தது. பள்ளி வளாகத்தில் ஆண்டு முழுவதும் செய்யும் உற்றுநோக்கலே ஒரு பாடப்பொருளாக முடியும் என்பதை அந்தப் பணி நிறுவியது.

வட்டார உயிரினங்கள் எவ்வாறு ஒரு பாடத்தைத் தாங்கக்கூடும் என்பதற்குச் செம்மரம் நல்ல சான்று. கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் தென்பகுதிக்கு மட்டுமே உரிய இம்மரத்தின் காய் வட்டமானது. நடுவில் விதை தடித்திருக்க, சுற்றிலும் மெல்லிய இறக்கை விரிந்திருக்கும். அதைக் கையிலெடுத்து உயரத்திலிருந்து விட்டால் காற்றில் சாய்ந்து சுழன்று விழுவதை மாணவர் பார்க்கலாம்; விதை பரவுதல் அங்கேயே விளங்கிவிடும். அதே மரத்தின் இறக்கையற்ற விதையை விட்டுப் பார்த்து, விழும் தொலைவை அளந்து ஒப்பிட்டால் அது சோதனையாகிறது. அதே மரம் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் 1995 முதல் இருப்பது பாதுகாப்புப் பாடத்துக்கு அடிப்படையாகும்.

திருப்பதி மலைகளைச் சார்ந்த சைகஸ் பெட்டோமி ஆணும் பெண்ணும் தனித்தனிச் செடிகளாக வளர்வது. விதை மூடப்படாத தாவரங்களை விளக்க வேறு எடுத்துக்காட்டு தேவையில்லை. ஆங்கிலேய இயற்கையியலாளர் பெட்டோம் 1870இல் விவரித்த பொன்னிறப் பல்லி பாறை இடுக்குகளில் வாழ்ந்து தகவமைப்பைக் காட்டுகிறது. புங்கனூர்க் குட்டை மாடு மரபியல் பாடத்துக்கும், மாமரமும் பட்டுப்புழுவும் இனப்பெருக்கப் பாடத்துக்கும் ஊரிலேயே கிடைக்கும் பொருள்கள்.

2011 சட்டகமும் ஆண்டுத் திட்டமும்

இந்த வளத்தைப் பாடத்திட்டத்தின் உள்ளே கொண்டுவந்தது ஆந்திர மாநிலக் கலைத்திட்டச் சட்டகம்–2011. என்.சி.இ.ஆர்.டி.யின் 2005ஆம் ஆண்டுச் சட்டகத்தையும் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தையும் அடியொற்றி அது உருவானது. புதிய பத்தாம் வகுப்பு உயிரியல் நூல் 2014இல் நடைமுறைக்கு வந்தது. ஊட்டம், சுவாசம், கடத்தல், கழிவுநீக்கம், ஒருங்கிணைப்பு, இனப்பெருக்கம், வாழ்வியல் செயல்களின் இணைப்பு, மரபு, சுற்றுச்சூழல், இயற்கை வளங்கள் எனப் பத்துப் பாடங்கள் அதில் இருந்தன. ஒரு தொடராக உடலின் உள்ளிருந்து வெளியுலகுக்குச் செல்லும் வரிசை இது.

ஒவ்வொரு பாடமும் ஏழு கற்றல் தரங்களால் அளக்கப்பட்டது: கருத்துப் புரிதல், வினாவும் கருதுகோளும், சோதனையும் களஆய்வும், தகவல் திரட்டலும் செயல்திட்டமும், படமும் மாதிரியும், பாராட்டுணர்வு, அன்றாட வாழ்வில் பயன்பாடும் உயிர்ப்பன்மை அக்கறையும். களஆய்வு முதல்முறையாக மதிப்பெண் பெறும் வேலையாயிற்று. வளரறி மதிப்பீடுகளும் தொகுத்தறி மதிப்பீடுகளும் ஆண்டைத் துண்டுகளாக்கியதால், எந்தத் துண்டில் எந்தக் களவேலை என்று ஆசிரியர் முன்கூட்டியே எழுத வேண்டியதாயிற்று.

இவ்விடத்தில்தான் பருவம் முக்கியமாகிறது. பாடநூல் எங்கும் ஒரே வரிசையில் நடக்கலாம். செடியும் பறவையும் அவ்வாறு காத்திருப்பதில்லை. இவ்வட்டாரத்தில் பள்ளி ஜூனில் திறக்கும்போது மாங்காய் அறுவடை நடக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. ஆண்டின் இறுதியில் மாமரம் பூக்கத் தொடங்குகிறது. குளிர்காலத்தில் புலிகாட் ஏரிக்குப் பூநாரைகள் வருகின்றன. மழைக்குப் பின் நீர்நிலை ஆய்வு, பூக்கும் காலத்தில் பூவின் அமைப்பு, குளிர்காலத்தில் பறவைக் கணக்கு என்று களவேலையைப் பருவத்தோடு பொருத்தி, பாடங்களை அதைச் சுற்றி அமைப்பதே இங்கு பயன்தரும் ஆண்டுத் திட்டம்.

அண்மை மாற்றங்கள்

2022 ஏப்ரல் 4 அன்று சித்தூர், நெல்லூர் மாவட்டங்களின் பகுதிகளைக் கொண்டு திருப்பதி மாவட்டம் உருவானது. சேஷாசலத்தின் காடும், புலிகாட் ஏரியின் உவர்நீரும், நேலப்பட்டு பறவைகள் சரணாலயமும் ஒரே மாவட்டத்துக்குள் வந்தன. நிர்வாகக் காரணத்துக்காக வரையப்பட்ட எல்லை, உயிரியல் களப்பயணங்களுக்கு அரிய வாய்ப்பைத் தந்திருக்கிறது.

அதே காலத்தில் ஆந்திரம் என்.சி.இ.ஆர்.டி. நூல்களுக்கு மாறத் தொடங்கி, 2024–25இல் பத்தாம் வகுப்புக்கும் அவற்றை எடுத்துக்கொண்டது. என்.சி.இ.ஆர்.டி.யின் குறைக்கப்பட்ட பத்தாம் வகுப்பு அறிவியலில் உயிரியலுக்கு ஐந்து பாடங்களே உள்ளன; பரிணாமம் பற்றிய பகுதி அவ்வகுப்பிலிருந்து நீக்கப்பட்டது. நாடு முழுவதற்கும் எழுதப்படும் நூலில் சேஷாசலத்துக்கு இடம் எதிர்பார்க்க இயலாது.

நூற்றாண்டு வரலாறு காட்டும் போக்கு தெளிவானது. பாடப்பொருளையும் தேர்வையும் சென்னை, ஹைதராபாத், டில்லி என மாறி மாறி வெளியிலுள்ள மையங்களே தீர்மானித்துள்ளன. வட்டார இயற்கை பாடத்துக்குள் வந்த ஒவ்வொரு முறையும் அதற்குரிய கருவி ஒன்று இருந்தது: 1916இல் இந்நாட்டுச் செடிகளைக் கொண்ட கையேடு, ரிஷிவேலியில் தொடர்ந்த பறவைப் பதிவு, 2011இல் களஆய்வுக்கு மதிப்பெண். பொது நூல் வந்துள்ள இன்றைய நிலையில் அந்தக் கருவி ஆசிரியரின் ஆண்டுத் திட்டமே. பாடங்களின் எண்ணிக்கை குறைந்ததால் கிடைக்கும் பாடவேளைகளைப் பருவத்துக்கேற்ற களவேலைக்கு ஒதுக்கினால், தேசிய நூலின் கருத்துகளை உள்ளூர் உயிரினங்களின் வழியே கற்பிக்க முடியும். அதற்குத் தேவையான தாவரப் பட்டியலும் காப்பகங்களும் பல்கலைக்கழகமும் திருப்பதியில் ஏற்கெனவே இருக்கின்றன.