இலண்டன் கொள்ளைநோய் ஆணைகளில் செவிலியரும் உறையுளிலாரும்

1665ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் பரவிய கொள்ளைநோய்க்கு இரையானோர், அந்நகரத்து இறப்புப் பட்டியல்களின்படி, 68,596 பேர். உண்மைத் தொகை இதனினும் மிகுதி என்பதே வரலாற்றாசிரியர் துணிபு. அரசவை நகரை விட்டு நீங்கிற்று; செல்வர் பலரும் நீங்கினர். மாநகரத் தலைவர் சர் ஜான் லாரன்ஸ் நகரிலேயே தங்கி ஆட்சி நடத்தினார். அவர்காலத்து ஆணைகளை டானியல் டீபோ, 1722இல் வெளியிட்ட 'கொள்ளைநோய் ஆண்டின் குறிப்பேடு' என்னும் நூலுள் எடுத்துச் சேர்த்துள்ளார். நூல் புனைவே, நோய் பரவியபோது ஆசிரியர் ஏறத்தாழ ஐந்து அகவைச் சிறுவர். ஆயின் ஆணைகள் புனைவல்ல.

அவற்றுள் இரண்டு ஒருங்குவைத்து ஆராய்தற்குரியன. ஒன்று, அலைந்து திரியும் இரவலரை நோய் பரப்புவோர் எனக் கருதித் தெருக்களில் விடலாகாதென விலக்குவது. அவர் எங்குச் சென்று தங்குவது என்பது அதனுள் இல்லை. மற்றொன்று செவிலியர் பற்றியது. (செவிலி என்றதும் நமக்கு அகப்பாடல்களின் வளர்ப்புத்தாய் நினைவுக்கு வருதல் இயல்பு. ஈண்டுக் குறிக்கப்படுவார், நோயுற்றார் வீட்டிலிருந்து பணிசெய்த கூலிப் பெண்டிர்.) இறப்பு நேர்ந்த வீட்டினின்று 28 நாள் கழியுமுன் செவிலி வெளியேறினால், அவள் புகும் வீடும் அந்நாள் முடியுமளவும் அடைக்கப்படும். மூன்றடிச் சிவப்புக் கோலொன்றை யாவரும் காண ஏந்தியே அவள் தெருவில் நடத்தல் வேண்டும். தன் வீடும் பணிக்கு அழைக்கப்பட்ட வீடுமன்றிப் பிற வீடு புகலாகாது. அறுவை மருத்துவர்க்கு உடலொன்றுக்குப் பன்னிரண்டு பென்சு என வரையறுத்த ஆணை, செவிலியின் கூலியை வரையறுத்திலது.

தன் வீடு என்றனரே, அவர்க்கு வீடு ஏது? தலைவர் குடும்பங்கள் ஓடியபின் கைவிடப்பட்ட பணிப்பெண்டிரே செவிலியராக அமர்த்தப்பட்டனர் என்கிறார் டீபோ. வீட்டோடு தங்கி ஊழியம் செய்தார்க்கு வேலை போதலும் உறையுள் போதலும் ஒன்றே. ஆகவே முதல் ஆணை துரத்திய நிலையினரையே இரண்டாம் ஆணை பணிக்குக் கொண்டது எனக் கொள்ளுதல் பொருந்தும். பணி முடிந்தவளை எவர் தம் வீட்டில் ஏற்பர்? ஏற்றால் அவ்வீடும் அடைபடுமே!

இவர்மீது கொலைப்பழியும் எழுந்தது. நகரில் நின்று மருத்துவம் புரிந்த நத்தானியேல் ஹாட்ஜஸ், செவிலியர் நோயாளரைக் கழுத்து நெரித்துக் கொன்று பொருள் கவர்ந்தனர் எனத் தம் இலத்தீன் நூலில் எழுதியுள்ளார். டீபோ களவை மறுக்கவில்லை, கொலைக்கதைகளையோ நம்பவில்லை. எங்குக் கேட்பினும் அக்கதை நகரின் எதிர்க்கோடியில் நிகழ்ந்ததாகவே சொல்லப்பட்டது என்பதும், ஈரத்துணியால் முகத்தை மூடிக் கொன்ற ஒரே செய்தி மீண்டும் மீண்டும் வந்தது என்பதும் அவர் காட்டும் ஏதுக்கள். நேரிற் கண்ட மருத்துவர் கூற்றினும் புனைகதையாசிரியரின் இவ்வையமே எமக்கு வலிமையுடையதாகத் தோன்றுகின்றது. செவிலியர் தம் கூற்றாக இரு நூலிலும் யாதும் இல்லை. அவர் பெற்ற கூலிபற்றிய குறிப்புகள் கோயிற்பற்றுக் கணக்கேடுகளில் தேடற்பாலன.