குடியிருப்பும் வழிபாட்டு மனையும்

ஓர் ஊர் எப்போது ஊராகிறது? வீடுகள் வரிசையாக எழுந்துவிட்டால் மட்டும் அது ஊராகிவிடுவதில்லை. குடிக்க நீர், நடக்கத் தெரு, பிள்ளைகள் பயிலப் பள்ளி, கூடித் தொழ ஓரிடம், இறுதியில் எரிக்கவோ புதைக்கவோ ஒரு காடு ஆகிய இத்தனையும் அமைந்த பின்னரே மக்கள் அதனை 'நம் ஊர்' என்று சொல்லத் துணிவர். இவற்றுள் தொழும் இடத்தை மட்டும் இக்காலத் திட்ட வரைபடங்கள் பல வேளைகளில் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவிடுகின்றன. அவ்வாறு தள்ளிவைப்பதால் நேரும் விளைவுகளைத் தலைநகரின் அரசுக் குடியிருப்புகளில் வாழ்ந்துவரும் நாம் கண்ணெதிரே கண்டு வருகிறோம். ஆதலின் இப்பொருளைச் சற்று வரலாற்று நோக்கில் ஆராய முற்படுகிறோம்.

பண்டை ஊரமைப்பு

புகார் நகரை வருணிக்கும் இளங்கோவடிகள் சிவன், முருகன், பலதேவன், திருமால், இந்திரன் ஆகியோரின் கோயில்களையும், சமணர், பௌத்தர் ஆகியோரின் இடங்களையும் ஒரே நகரின் உறுப்புகளாகவே காட்டுகிறார். மயமதம் போன்ற சிற்ப நூல்களோ இதனை விதியாகவே வகுத்துள்ளன. ஊரின் நடுவிலோ மேற்கிலோ திருமாலுக்கு இடம், வடகிழக்கில் சிவபெருமானுக்கு இடம், வடபுறத்தில் காளிக்கு இடம் என்று தெருக்களோடு தெருக்களாகக் கோயில் மனைகளும் குறிக்கப்பெற்றன. முதற் பராந்தகனின் 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளால் புகழ்பெற்ற உத்தரமேரூரின் அமைப்பு இவ்விதிகளை ஒட்டியது என்பதை அறிஞர் எடுத்துக்காட்டியுள்ளனர்.

அலுவலகக் கோப்புகளோடு பழகிய நம்மைப் பெரிதும் கவர்வது தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளில் காணப்பெறும் நிலக்கணக்கு ஆகும். முதலாம் இராசராசன் அக்கோயிலுக்கு வழங்கிய ஊர்களின் மொத்த நிலத்தை முதலில் கூறி, அதிலிருந்து இறையிலியாக நீக்க வேண்டிய நிலங்களை அக்கல்வெட்டுகள் ஒவ்வொன்றாக எண்ணுகின்றன. ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், ஊரை ஊடறுத்துச் செல்லும் வாய்க்கால்கள், சேரிகள், சுடுகாடு என்று அப்பட்டியல் நீள்கிறது. எஞ்சிய நிலத்துக்கே வரி. இங்கே கோயில் குளத்தோடும் வாய்க்காலோடும் சுடுகாட்டோடும் ஒரே வரிசையில் வைக்கப்பெற்றிருப்பதைக் காண்க. அஃது எவரோ பின்னாளில் வேண்டிப் பெற்ற சலுகையன்று. ஊர் என்றால் இத்துணையும் இருக்கும் என்னும் துணிபில் கணக்கன் முன்னரே கழித்து எழுதிய நிலமாகும்.

ஆயினும் பழமையைப் போற்றுங்கால் அதன் குறையையும் மறைத்தல் தகாது. அதே கல்வெட்டுகளில் பறைச்சேரியும் கம்மாணச்சேரியும் தனித்தனியே பிரித்து எழுதப்பெற்றுள்ளன. கௌடிலியரின் அர்த்தசாத்திரமும் நகர நடுவில் தெய்வங்களுக்கு இடம் வகுத்துவிட்டு, சண்டாளரையும் புறச்சமயத்தாரையும் சுடுகாட்டின் ஓரத்தில் குடியிருக்கச் சொல்கிறது. ஆகவே இடம் ஒதுக்கும் அறிவைப் பழமையினின்று கொள்வோம். மக்களை ஒதுக்கும் வழக்கத்தை அங்கேயே விட்டுவிடுவோம்.

புதுதில்லி கற்பித்த பாடம்

1911 டிசம்பர் 12-இல் தலைநகர் மாற்றம் அறிவிக்கப்பட்டது. 1931-இல் புதுதில்லி முறைப்படி தொடங்கி வைக்கப்பட்டது. இடைப்பட்ட இருபதாண்டுகளில் ஆட்சியாளர்கள் தம் வழிபாட்டை மறந்துவிடவில்லை. வைசிராய் மாளிகைக்கு அணித்தே, என்றி மெட் என்னும் கட்டடக் கலைஞரின் வரைபடப்படி ஆங்கிலத் திருச்சபையின் பேராலயம் எழுந்தது.

அதே நகரத் திட்டம் மற்றையோரின் வழிபாட்டிடத்தைத் தொட்டபோது நிகழ்ந்தது வேறு. வைசிராய் மாளிகைப் பகுதிக்குச் சாலை அமைக்கும் பொருட்டு, 1913-14-இல் ரகாப் கஞ்ச் குருத்துவாராவின் புறமதிலில் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. சீக்கியர் கொதித்தெழுந்தனர். முதல் உலகப் போரின்போது சற்றே தணிந்த கிளர்ச்சி 1920-இல் மீண்டும் மூண்டது. 1921-இல் அரசே அம்மதிலைத் திரும்பக் கட்டித்தர நேர்ந்தது. வரைபடத்தில் ஒரு கோடு. மக்கள் உள்ளத்தில் ஏழாண்டுப் புண். அப்பாடத்தை நகரம் முற்றிலும் மறக்கவில்லை என்பதற்கு, இன்றும் ஒரு நாற்சந்தி வட்டத்தின் நடுவே நிற்கும் சுனேரி பாக் பள்ளிவாசல் சான்றாக உள்ளது.

கோல் மார்க்கெட்டைச் சூழ்ந்த எழுத்தர் குடியிருப்புகளை அடுத்திருந்த ரீடிங் சாலை இன்று மந்திர் மார்க் எனப் பெயர் பூண்டுள்ளது. பெயர் பொருத்தமே. பிர்லா மந்திர் என வழங்கும் இலட்சுமி நாராயணர் கோயில், வங்காளியரின் காளி பாரி, பௌத்தக் கோயில், புனித தோமையர் ஆலயம், துப்புரவுத் தொழிலாளரின் வால்மீகி கோயில் ஆகிய அனைத்தும் ஒரே சாலையில் அமைந்துள்ளன. எல்லாச் சாதியினருக்கும் வாயில் திறந்திருக்க வேண்டும் என்னும் உறுதியின் பேரிலேயே காந்தியடிகள் 1939-இல் பிர்லா கோயிலைத் திறந்து வைத்தார். அதே ஆண்டில்தான் மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் வைத்தியநாத ஐயர் ஆலய நுழைவை நடத்திக் காட்டினார் என்பதை நினைவில் கொள்ளுதல் நன்று. 1946-47-இல் காந்தியடிகள் தில்லியில் தங்குவதற்கு வால்மீகி கோயிலைத் தேர்ந்தெடுத்தார். பண்டைக் கணக்கில் சேரியெனப் பிரித்து எழுதப்பட்ட பகுதியைத் தேசத்தின் தலைவர்கள் அனைவரும் தேடிச் செல்லும் இடமாக்கினார் அவர்.

குன்றின்மேல் ஒரு கோயில்

விடுதலைக்குப் பின்னர் மைய அரசின் அலுவலகங்கள் பெருகின. அலுவலர்க்கெனத் தெற்கே இராமகிருஷ்ணபுரம் போன்ற பெருங்குடியிருப்புகள் எழுந்தன. செக்டர்கள், குவார்ட்டர்ஸ்கள், பள்ளிகள், சந்தைகள் ஆகியவை வரைபடத்திலேயே இடம் பெற்றன. தென்னாட்டிலிருந்து மாற்றலாகி வந்தவர்க்குத் தைப்பூசமும் கிருத்திகையும் எங்கே கொண்டாடுவது என்பதற்கு அவ்வரைபடத்தில் விடையில்லை. வீட்டு முன்னறைகளிலும் சமாஜ் சதன் கூடங்களிலும் பஜனைகள் நடந்தன. ஏ. எஸ். ராகவன் அவர்கள் வழிகாட்டத் திருப்புகழை இசையுடன் கூடிப் பாடும் இயக்கம் தில்லியில் வேரூன்றிப் பிற நகரங்களுக்கும் பரவியது.

இராமகிருஷ்ணபுரத்தில் வீடுகட்ட ஏற்றதாகாத ஒரு பாறைக் குன்று இருந்தது. குன்றுதோறாடும் குமரனை வழிபடுவோர்க்கு அது வேறொன்றாகத் தோன்றியதில் வியப்பில்லை. 1961-இல் அன்பர்கள் ஒரு சமாஜமாகத் திரண்டனர். 1965-இல் அடிக்கல் நாட்டப்பெற்றது. 1973 ஜூன் 7-ஆம் நாள், கருங்கல்லால் சோழர் பாணியில் அமைந்த சுவாமிநாத சுவாமி கோயிலுக்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது. இன்று வடநாட்டாரும் 'மலை மந்திர்' என்று தமிழ்ச் சொல்லோடு சேர்த்தே அதனை அழைக்கின்றனர்.

இது பெருமைப்பட வேண்டிய வரலாறே. ஆயினும் இதனுள் ஒரு கணக்கும் உண்டு. திரண்டது முதல் குடமுழுக்கு வரை பன்னிரண்டு ஆண்டுகள். மாதச் சம்பளத்தில் வாழ்ந்தோரும் தம்மால் இயன்றதைக் கொடுத்துக் கட்டிய கோயில் இது. தமிழர் எண்ணிக்கையில் மிக்கோராகவும், எழுத்தறிவும் அலுவலக நடைமுறை அறிவும் உடையோராகவும் இருந்தமையால் இஃது இயன்றது. அத்தகைய எண்ணிக்கையும் நடைமுறை அறிவும் இல்லாத சிறு கூட்டத்தார் என் செய்வர்?

திட்டம் சொல்வதும் சொல்லாததும்

1962 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த தில்லிப் பெருந்திட்டம் பேட்டைதோறும் பள்ளி, பூங்கா, கடை ஆகியவற்றை மக்கள்தொகைக்கேற்ப வகுக்கும் முறையைக் கொணர்ந்தது. 2007-இல் வெளியான 2021-க்கான பெருந்திட்டம், ஐயாயிரம் பேர் கொண்ட குடியிருப்புப் பகுதிக்கு 400 சதுர மீட்டர் அளவில் வழிபாட்டு மனை ஒன்றைக் குறித்தது. இது வரவேற்கத்தக்கதே. ஆயின் அதனை வகுத்துப் பார்த்தால், ஒருவர்க்குக் கிடைப்பது பக்கத்துக்கு ஏறத்தாழ ஒன்றேகால் சாண் கொண்ட சதுரமே. அந்த ஐயாயிரவருள் பல சமயத்தாரும் பல மொழியாரும் இருப்பர். ஒரு மனையை ஒரு சாரார்க்கு அளித்துவிட்டால் மற்றையோர்க்கு இடம் ஏது?

இடம் இல்லையென்று சொன்னால் பக்தி ஓய்ந்துவிடுவதில்லை. அது நடைபாதைக்கு வருகிறது. பூங்காவின் மூலையில் அரசமரத்தடிக்கு வருகிறது. முதலில் ஒரு படம், பின்னர் ஒரு மேடை, அதன்பின் ஒரு கூரை. பின்பு அதனை அகற்றவும் இயலாது, ஏற்கவும் இயலாது. பொதுச் சாலைகளிலும் பூங்காக்களிலும் பிற பொது இடங்களிலும் இசைவின்றிப் புதிய வழிபாட்டிடங்கள் கட்டப்படலாகாது என்று உச்சநீதிமன்றம் 2009 செப்டம்பர் 29-இல் ஆணையிட்டது. ஆணை மிகத் தேவையானதே. ஆனால் தடை மட்டும் இருந்து இடம் இல்லையெனில் அது பாதித் தீர்வே ஆகும்.

சமயச் சார்பற்ற அரசு வழிபாட்டுக்கு நிலம் ஒதுக்கலாமா என்று வினவுவோர் உளர். வினா நேரியது, விடை கூறக் கடமைப்பட்டுள்ளோம். அரசு கோயில் கட்ட வேண்டியதில்லை. பூசைக்குப் பொருள் தர வேண்டியதுமில்லை. நிலத்தை விதிப்படி முன்னரே குறித்து, உரியவர்க்கு உரிய விலையில், எவரையும் விலக்காத முறையில் அளித்தாலே போதும். விதி இல்லாத இடத்தில் வெல்வது வலிமை. எண்ணிக்கை மிக்கோர் எப்படியும் இடம் பெற்றுவிடுவர். விதியால் காக்கப்பட வேண்டியோர் சிறுபான்மையரும் புதிதாய்க் குடிவந்தோருமே ஆவர். ஆதலின் ஒதுக்கீடு என்பது சமயச் சார்பின்மைக்குப் பகையன்று. அதன் காவலே ஆகும்.

இன்று செய்யத்தக்கது

2016 ஜூலையில் சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர் உள்ளிட்ட ஏழு அரசுக் குடியிருப்புகளைப் புதுப்பிக்கும் திட்டத்துக்கு மைய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 12,970 பழைய வீடுகளின் இடத்தில் ஏறத்தாழ 25,600 வீடுகள் அமைப்பது அதன் குறிக்கோள். தாழ்ந்த வீடுகள் போய் அடுக்குமாடிகள் எழும்போது குடிமக்கள் இருமடங்காவர், நிலமோ வளர்வதில்லை. அடுக்குமாடியில் மரத்தடி இல்லை, திண்ணை இல்லை, தெருமுனையும் இல்லை. ஆகவே முன்னெப்போதையும்விட இப்போதே வரைபடத்தில் எழுதிவைத்தல் இன்றியமையாததாகிறது.

நாம் வேண்டுவன மூன்று. முதலாவது, வழிபாட்டு மனைகள் வீடுகளுக்கு முன்பே குறிக்கப்பட வேண்டும். இரண்டாவது, தனி மனை பெறும் வலியில்லாத சிறு கூட்டத்தார் முறைவைத்துப் பயன்படுத்தத்தக்க பொதுக் கூடம் ஒன்றேனும் ஒவ்வொரு குடியிருப்பிலும் இருத்தல் வேண்டும். சமாஜ் சதன்கள் இதற்கு நல்ல முன்மாதிரி. மூன்றாவது, எந்த மனையில் எழும் வழிபாட்டிடமாயினும் அதன் வாயில் சாதி நோக்காது திறந்திருக்க வேண்டும்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தஞ்சையில் கணக்கெழுதியவன் குளத்தையும் கோயிலையும் சுடுகாட்டையும் கழித்துவிட்டே மீதியைக் கணக்கிட்டான். அவன் பிரித்து எழுதிய சேரிகளை ஒன்றாக்கி, அவன் ஒதுக்கி எழுதிய பொது நிலத்தை மட்டும் மீண்டும் எழுதுவோமாயின், நாளை இத்தலைநகரில் குடிவரும் எவரும், எம்மொழியினராயினும், எச்சமயத்தினராயினும், இதுவும் தம் ஊரே என்று உணர்வர் என்பது திண்ணம்.