நரம்புக் கடத்தல் சோதனை (கில்லன்–பாரே நோயில்)

கை, கால் நரம்பைத் தோலுக்கு மேலிருந்தே சிறு மின்தூண்டலால் உசுப்பி, அந்தத் துடிப்பின் வேகத்தையும் வலுவையும் அளக்கும் சோதனை. உடலின் எதிர்ப்பாற்றல் தன் நரம்புகளையே தாக்க, பெரும்பாலும் காலில் தொடங்கிச் சில நாள்களில் மேலேறும் தளர்வாதமான கில்லன்–பாரே நோயை (ஜிபிஎஸ்) உறுதிசெய்ய உதவுகிறது.

வரலாறு: 1850இல் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளை நரம்பின் கடத்து வேகத்தை அளந்தார். 1859இல் லாண்ட்ரி ஏறுவாதத்தை விவரித்தார்.

1916இல், முதல் உலகப்போரின் நடுவே, பிரெஞ்சு ஆறாம் படையின் நரம்பியல் மையத்தில் கில்லன், பாரே, ஸ்ட்ரோல் மூவரும் கால் தளர்ந்த இரு படைவீரர்களைப் பற்றி எழுதினர். தண்டுவட நீரில் புரதம் மிகுந்திருந்தது, அணுக்கள் மிகவில்லை. நோயாளிகள் தேறினர். தசைநாரைத் தட்டினால் எழவேண்டிய அனிச்சைகளைக் கருவியில் கோடுகளாகப் பதிந்து ஆராய்ந்தவர் ஸ்ட்ரோல். 1927இல் புழக்கத்துக்கு வந்த நோய்ப்பெயரில் அவர் விடுபட்டார். வயதில் இளையவர் என்பதால் என்பர் சிலர். வெறும் கவனக்குறைவு என்பர் வேறு சிலர். எப்படியாயினும், கருவி பிடித்தவர் பெயரே நோயின் பெயரில் இல்லை. இந்நோய் லாண்ட்ரி விவரித்த ஏறுவாதம்தானா என்பதும் நெடுநாள் வாதத்துக்குள்ளானது. கில்லன் அதை ஏற்கவில்லை.

1948இல் ஹோட்ஸும் உடனாய்வாளர்களும் மனித இயக்க நரம்பின் வேகத்தை அளந்து காட்டினர். 1950இல் எஃப் அலை (தூண்டல் தண்டுவடம் வரை சென்று திரும்பித் தசையில் எழுப்பும் பின்னலை) விவரிக்கப்பட்டது.

தொடக்கநிலைச் சோதனை: முதல் வாரத்தில் தண்டுவட நீர் இயல்பாகவே இருக்கலாம், கடத்து வேகமும் அதிகம் குறைந்திராது. எச் அனிச்சை (நரம்பை மின்னால் தூண்டி எழுப்பும் தண்டுவட அனிச்சை) மறைவதும், எஃப் அலை தாமதிப்பதும் அல்லது காணாமற்போவதும் முந்தி வரும் தடயங்கள். கை உணர்நரம்பு பழுதுபட்டிருக்க, கெண்டைக்காலின் சூரல் நரம்பு தப்பியிருப்பதும் ஒரு குறி. இரண்டாம் வாரத்தில் சோதனையைத் திரும்பச் செய்தால்தான் நோயின் உட்பிரிவு தெளிவாகும் என்ற கருத்தில் அறிஞர்களிடையே முழு உடன்பாடில்லை. சோதனை இயல்பாக இருந்தாலும் நோய் இல்லையென்று ஆகாது. முடிவுக்காகச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவதும் இல்லை.

அந்தமான்–நிக்கோபார்: 1947–48இல் நிக்கோபார் தீவுகளில் இளம்பிள்ளைவாதம் (போலியோ) பரவியது. அதுவும் தளர்வாதமே, ஆனால் அதில் உணர்நரம்புகள் பழுதடைவதில்லை. 1997இல் இந்தியாவில் தொடங்கிய தளர்வாதக் கண்காணிப்பில் 15 வயதுக்குட்பட்டோரின் ஜிபிஎஸ்ஸும் பதிவாகிறது. போலியோவா எனத் தீர்ப்பது மலமாதிரிச் சோதனை. தீவிலிருந்து மேல்சிகிச்சைக்குச் செல்வதென்றால், போர்ட் பிளேரிலிருந்து (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) சென்னை ஏறக்குறைய 1,200 கி.மீ. கடல்தொலைவு. மூச்சுத் தசைகளும் தளரக்கூடிய நோயில் அந்தத் தொலைவையும் கணக்கில் கொள்ளவேண்டும்.

அண்மையில்: 2025 ஜனவரியில் புனேயில் ஜிபிஎஸ் பலரைத் தாக்கியது.