சில எழுத்துக்களுக்குள் ஒரு கோலம்: மிகச் சிறிய நிரல்களால் உருவாகும் ஓவியங்கள்

கணினிக்குப் படத்தைக் கொடுக்காமல், படம் உருவாகும் விதியை மட்டும் எழுதிக் கொடுப்பதே ஜெனரேட்டிவ் கலை. செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் படம் கேட்பதிலிருந்து இது வேறுபட்டது. இங்கு விதியை மனிதரே எழுதுகிறார். அந்த விதியை எவ்வளவு குறைவான எழுத்துக்களில் எழுதலாம் என்பதே இதன் சவால்.

ஒரே வரி

1982இல் வெளியான கொமடோர் 64 கணினியின் ஒருவரி நிரல் இதற்குப் புகழ்பெற்ற உதாரணம். 205.5 உடன் 0க்கும் 1க்கும் இடைப்பட்ட ஓர் எண்ணை எழுந்தமானமாகக் கூட்டி, தசமத்தை நீக்கினால் 205 அல்லது 206 கிடைக்கும். அந்தக் கணினியில் இவ்விரண்டும் எதிரெதிர்ப் பக்கம் சாய்ந்த இரு கோடுகளின் குறியீட்டெண்கள். இதையே திரும்பத் திரும்ப அச்சிட்டால் திரை முழுவதும் சிக்கலான வழிகள் கொண்ட ஒரு புதிர்ப்பாதை விரியும். இந்த ஒரு வரியை ஆராய்ந்து பத்துப் பேர் எழுதிய நூலை 2012இல் எம்.ஐ.டி. பதிப்பகம் வெளியிட்டது.

ஐரோப்பாவில் வளர்ந்த ‘டெமோசீன்’ கலைஞர்கள் இசையும் அசையும் காட்சியும் கொண்ட படைப்புக்களை 4,096 பைட்டுக்களுக்குள் அடக்குகின்றனர். பின்லாந்து 2020இலும் ஜேர்மனி 2021இலும் இதைத் தமது தேசிய மரபுரிமைப் பட்டியல்களில் சேர்த்துக்கொண்டன.

கோலமும் ஒரு நிரலே

இச்சிந்தனை எமக்குப் புதியதல்ல. சென்னை கிறிஸ்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிப்ட் சிரோமனி, ராணி சிரோமனி, கமலா கிருதிவாசன் ஆகியோர் கோலங்களைக் கணினி இலக்கணமாக விளக்கும் ஆய்வுக்கட்டுரையை 1974இலேயே வெளியிட்டனர். தாவர வளர்ச்சியை விளக்க அரிஸ்டிட் லிண்டன்மேயர் 1968இல் வகுத்த விதிமுறையாலும் கோலம் வரையலாம் என்பது பின்னர் காட்டப்பட்டது.

கம்பிக் கோலத்தின் விதி எளிது. அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கு நடுவே இரண்டு வாய்ப்புக்களே உள்ளன: கோடுகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்லலாம், அல்லது வெட்டாமல் வளைந்து திரும்பலாம். மூன்றுக்கு மூன்று புள்ளிகளில் இப்படி 12 இடைவெளிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாய்ப்பு என்றால், திருப்பியும் புரட்டியும் பார்த்தால் ஒன்றாகத் தெரிபவற்றையும் சேர்த்து 4,096 கோலங்கள். நான்குக்கு நான்கு புள்ளிகளில் 24 இடைவெளிகள், கோலங்கள் 1,67,77,216. எதைத் தெரிவு செய்தாலும் கோடு அறுந்து நிற்காது, மூடிய வளையமாகவே முடியும். ஆனால் எல்லாமே ஒற்றைக் கம்பியாக அமைவதில்லை. அப்படி அமைபவற்றைத் தேடுவது நிரல் எழுதுபவருக்கு நல்ல பயிற்சி.

தமிழில் எழுதும்போது

இங்கே ஒரு தடையும் உண்டு. யூனிகோட் முறையில் ‘கோலம்’ என்ற சொல் ஐந்து குறியீடுகள். பரவலாகப் பயன்படும் யு.டி.எப்-8 வடிவில் அது 15 பைட்டுக்கள். ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். எழுத்துக்களை எண்ணும் போட்டியில் தமிழ்ப் பெயர்கள் அவ்வளவாகப் பாதிக்கப்படுவதில்லை. பைட்டுக்களை எண்ணும் போட்டியில் மும்மடங்கு இடம் பிடிக்கும்.

யாழ்ப்பாணத்தில் இதன் தேவை

1981இல் யாழ் நூலகத்துடன் எரிந்த ஏறத்தாழ 97,000 நூல்களில் பல திரும்பக் கிடைக்கவே இல்லை. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் கையில் கொண்டுபோக முடிந்தது கொஞ்சமே. தைப்பொங்கலுக்கு முற்றத்தில் அரிசிமாக் கோலம் போடும் முறையும், பனையோலைப் பெட்டி இழைக்கும் முறையும் கைகளில் இருந்ததால் உடன் வந்தன. ஆனால் அந்தக் கைகளுக்கு இப்போது வயதாகிறது. கோலத்தைப் படம் பிடித்தால் அந்த ஒரு கோலம்தான் மிஞ்சும்; அதன் விதியை எழுதி வைத்தால் அதே வகைக் கோலங்கள் அனைத்தையும் மீண்டும் வரையலாம். பெட்டியின் பின்னலுக்கும் இது பொருந்தும்.

தொடங்குவதற்குச் செலவு அதிகமில்லை. ‘பி5.ஜேஎஸ்’ என்ற இலவச ஜாவாஸ்கிரிப்ட் நூலகத்தை ஒருமுறை தரவிறக்கினால், இணைய இணைப்பின்றிப் பழைய மடிக்கணினியிலும் வரையலாம். முதலில் வீட்டிலுள்ள அம்மம்மாவிடம் ஒரு கோலத்தைப் போடச் சொல்லி, கை எங்கே திரும்புகிறது என்பதை வரிசையாக எழுதிக்கொள்ளுங்கள். நிரலை அதற்குப் பிறகு எழுதலாம்.