புறவூரின் நான்கு பெயர்கள்

மூலகங்களுள் நான்கிற்குத் தன் பெயரை ஈந்த பெருமை எம்மாநகருக்கும் இல்லை. சுவீடன் நாட்டில் ஸ்டாக்ஹோம் நகரை அடுத்த ரேசாரோ தீவிலுள்ள இட்டர்பி என்னும் சிற்றூருக்கே அது உரியது. இட்டர்பி என்பதற்குப் புறவூர் என்று பொருள். ஊருக்குப் புறத்தே வாழும் வாழ்வு நம்மவர்க்குப் புதிதன்று.

அவ்வூரில் பழைய கற்சுரங்கம் ஒன்றுண்டு. அதன் பாறை பெக்மடைட் எனப்படும். பூமியின் ஆழத்திலுள்ள பாறைக்குழம்பு ஆறி இறுகுங்கால், சாதாரணக் கற்களில் இடம்பெறாத அரிய மூலகங்கள் எஞ்சிய குழம்பில் ஒதுங்கித் திரளும். அவ்வெச்சமே ஈற்றில் பெரும் படிகங்களாக உறைந்து பெக்மடைட் ஆகின்றது. ஒதுக்கப்பட்டவை ஒன்றுகூடிய இடம் அது.

இரும்பாலைகளுக்குக் குவார்ட்ஸ் கல்லும், பீங்கான் தொழிலுக்குப் பெல்ஸ்பார் கல்லும் அங்கு வெட்டப்பட்டன. 1787-இல் கார்ல் ஆக்சல் அரேனியஸ் என்னும் படை அதிகாரி, இவ்விரண்டிற்கும் உதவாத கனத்த கறுப்புக்கல் ஒன்றைக் கண்டெடுத்தார். 1794-இல் பின்லாந்து அறிஞர் யோகான் கடோலின் அதனைச் சோதித்து, நூற்றுக்கு 38 பங்கு அதுவரை அறியப்படாத ஒரு மண்பொருள் என்று காட்டினார். அக்கல் இன்று அவர் பெயரால் கடோலினைட் எனப்படுகின்றது. அம்மண்பொருள் இட்ரியம் ஒன்றால் மட்டும் ஆயதன்று; 1843-இல் மொசாந்தர் அதிலிருந்து எர்பியம், டெர்பியம் ஆகியவற்றின் மண்பொருள்களைப் பிரித்தார். 1878-இல் மரிஞாக் இட்டர்பியத்தைக் கண்டார். முன்னோர் கூறியதே முடிவென்று பின்னோர் கைகட்டி நின்றிருப்பின் இவை வெளிப்பட்டிருக்குமோ?

1933-இல் அச்சுரங்கம் மூடப்பட்டது. ஆயினும் எர்பியம் இன்று கடலடிக் கண்ணாடி நார்களில் ஒளிச்செய்தி தளராது செல்லத் துணைசெய்கின்றது. நமது பேராக் மாநிலத்தில் ஈயம் பிரித்தபின் எஞ்சிய அமாங் மணலில் கிடைக்கும் செனோடைம் என்னும் தாதுவிலும் இட்ரியம் உண்டு.

தோட்டத்துச் செக்ரோலில் நாள்தோறும் பெயர் பதிபவன் நான். ஆராய்ந்தவர் பெயர் கல்லுக்கு வாய்த்தது. ஊரின் பெயர் நான்கு மூலகங்களுக்கு வாய்த்தது. கல்லுடைத்தவர் பெயரோ எதற்கும் வாய்க்கவில்லை. அவர் கைபடாதிருப்பின் அச்சுரங்கம் ஏது? அக்கல்தான் ஏது?

லயத்துப் பிள்ளைக்குப் படிப்பெதற்கு என்று கேட்போர் இன்னும் உளர். கறுப்புக்கல்லையும் உதவாதென்றே எண்ணியிருப்பர். சோதித்துப் பார்த்தபின் அன்றோ அதன் அருமை தெரிந்தது! நம் பிள்ளைகளுக்கும் அந்தச் சோதனையை மறுக்க எவருக்கும் உரிமையில்லை.