அழைப்பிதழும் அரும்பண்டமும்: மேனாட்டு நவீன கலையின் சில்லறை அச்சுக்கள் பற்றிய சில குறிப்புகள்

பாரிஸ் நகரில் ஐரிஸ் கிளேர் என்னும் பெண்மணி நடத்திவந்த சிறு காட்சிக்கூடத்தை, 1960 ஒக்டோபரில் ஆர்மன் என்ற கலைஞர் குப்பையால் நிரப்பினார். பார்வையாளர் உட்புக இடமிருக்கவில்லை. வீதியில் நின்று கண்ணாடியினூடாகவே நோக்க வேண்டியிருந்தது. அக்காட்சிக்கான அழைப்பிதழாக அனுப்பப்பட்டது ஒரு சாடின் பேணி. அதனுள்ளும் குப்பையே இருந்தது. இன்று அப்பேணி நூதனசாலைக் கண்ணாடிப் பெட்டியுள் வைத்துக் காக்கப்படுகின்றது, ஏலத்தில் விலைபோகின்றது. குப்பையைக் காட்சிக்கு வைத்த கலைஞரின் அழைப்பிதழ், குப்பைக்குப் போகாது தப்பியமையாலேயே அரும்பண்டமாயிற்று. இம்முரண்பாட்டினை அதன் சமூக அடிப்படையில் வைத்து நோக்குவதே நமது எண்ணம்.

அழைப்பிதழ், சுவரொட்டி, துண்டுப் பிரசுரம், விலைப்பட்டியல், பல படிகளாகச் செய்து மலிவாக விற்கப்பட்ட சிறு கலைப்பொருள் ஆகியவற்றை ஈண்டு வசதி கருதிச் சில்லறை அச்சுக்கள் என்கிறோம். (சாடின் பேணியை அச்சு என்பது பொருந்துமா என வாசகர் வினவலாம், பெயர் பற்றி நாம் வழக்காடப் போவதில்லை.) கலைக்காட்சி நடந்த காலந்தொட்டே அழைப்பிதழும் உண்டு. ஆயின் 1950களின் பிற்பகுதியிலிருந்து அழைப்பிதழ் காட்சியை அறிவிக்கும் தாள் என்ற நிலையிலிருந்து மாறி, காட்சியின் ஒரு கூறாகவும், சிலவேளை காட்சியாகவுமே அமையலாயிற்று. 1957இல் இவ் கிளைன் தம் காட்சி அழைப்பிதழ்களில் வெறும் நீலநிறத் தாளையே முத்திரையாக ஒட்டி அஞ்சலிற் சேர்த்தார். 1969இன் இறுதியில் அமெரிக்கரான றொபேட் பாரி இன்னும் ஒருபடி மேற்சென்றார். அம்ஸ்ரர்டாம், தூரின், லொஸ் ஏஞ்சல்ஸ் ஆகிய நகரங்களின் காட்சிக்கூடங்கள் அவரது காட்சிக் காலத்தில் மூடப்பட்டிருக்கும் என்பதே அவர் அனுப்பிய அறிவித்தல். சென்று பார்ப்பதற்கு எதுவுமில்லை. கையிலுள்ள தாள் ஒன்றே எஞ்சியது.

இதனை வெறும் விசித்திர வேட்கை என ஒதுக்கிவிடுதல் எளிது. நமது விமர்சகர் சிலர் அவ்வாறே ஒதுக்கியுமுள்ளனர்; நாமும் ஒருகாலத்தில் அக்கருத்தினராகவே இருந்தோம். அன்று நாம் கவனியாது விட்டது, இக்கலைஞருட் பலர் எதனை எதிர்த்து நின்றனர் என்பதை. ஒற்றைப் பிரதி, கையொப்பம், செல்வந்தர் இல்லச் சுவர் என்ற ஒழுங்கினைக் குலைப்பதே அவர்தம் நோக்கமாயிருந்தது. லித்துவேனியாவிற் பிறந்து நியூயோர்க்கில் வாழ்ந்த ஜோர்ஜ் மசியூனஸ் (1931-1978) புளக்ஸஸ் இயக்கத்தின் அமைப்பாளர். 1920களின் சோவியத் ‘லெவ்’ குழுவினரைத் தம் முன்னோடிகளாகக் கொண்ட அவர், இயக்கத்தின் குறிக்கோள் அழகியல் சார்ந்ததன்று, சமூகம் சார்ந்தது என 1964இல் எழுதினார். அதே காலத்தில் நியூயோர்க் கனால் வீதியிற் கடையொன்றையும் நடத்தினார். சிறு பெட்டிகளில் அட்டைகளும் விளையாட்டுப் பொருள்களும் இட்டுச் சில டொலர் விலைக்கு வைத்தார். வாங்குவார் மிக அரியராயினர். மக்களுக்கான மலிவுப் பண்டம் மக்களைச் சென்றடையவில்லை. மேற்கு ஜேர்மனியில் நிலை ஓரளவு வேறாயிற்று: யோசப் பொய்ஸின் ‘உள்ளுணர்வு’ என்னும் மரப்பெட்டி 1968இல் 8 மார்க் விலையில் அஞ்சல்வழி விற்பனைக்கு வந்து, ஏறத்தாழ 12,000 படிகள் செய்யப்பட்டது.

1968 மே மாதத்தில் பாரிஸ் நுண்கலைக் கல்லூரியைக் கைப்பற்றிய மாணவர்கள் நிறுவிய மக்கள் பட்டறையின் நிலைப்பாடு இவற்றினும் தெளிவானது. அவர்தம் சுவரொட்டிகளிற் கலைஞர் பெயர் இல்லை, விற்பனையும் இல்லை. அவற்றை அலங்காரமாகக் கொள்வதும் முதலாளித்துவப் பண்பாட்டு நிலையங்களில் மாட்டுவதும் அவற்றின் பணியைச் சிதைப்பனவாகும் என அப்பட்டறையினர் வெளிப்படையாகவே அறிவித்தனர். அவ்வறிவித்தலும் இன்று சுவரொட்டிகளோடு சேர்த்துச் சேகரிக்கப்படுகின்றது!

மூலதனம் தன்னை மறுப்பதையும் பண்டமாக்கிவிடும் என்று கூறி இவ்விடத்தில் நிறுத்திக் கொள்வது நம்மவர் வழக்கம். அது உண்மை, ஆயினும் முழு உண்மையன்று. சேகரித்தவர் யாவர் என நோக்குதல் வேண்டும். மார்க்குறோனிங்கன் என்ற சிற்றூரிற் பல்வைத்தியராயிருந்த ஹான்ஸ் ஸோம், நூதனசாலைகள் ஏறெடுத்தும் பாராத காலத்தில் புளக்ஸஸ் தாள்களையும் கடிதங்களையும் திரட்டினார். அத்தொகுதி 1981இல் ஸ்ருட்கார்ட் அரச கலைக்கூடத்தைச் சேர்ந்தது. அமெரிக்காவில் ஜீன் பிறவுண் என்ற அம்மையாரின் தொகுதி 1985இல் கெட்டி நிறுவனத்துக்கும், சில்வர்மன் தம்பதியரின் தொகுதி 2008இல் நியூயோர்க் நவீன கலை நூதனசாலைக்கும் சென்றன. இவர்கள் திரட்டியிராவிடின் மசியூனஸின் தோல்வியைக் கூட நாம் அறிந்திருக்க முடியாது.

சேகரிப்பாளன் பற்றி மார்க்சிய நோக்கில் எழுந்த சிறந்த கட்டுரை வோல்ற்றர் பெஞ்சமின் 1937இல் எடுவார்ட் பூக்ஸைக் குறித்து எழுதியதாகும். பூக்ஸ் கேலிச்சித்திரங்களையும் மலிவு அச்சுக்களையும் தொகுத்த சோசலிசவாதி. நாஜிகள் 1933இல் அவர்தம் தொகுதியைப் பறிமுதல் செய்தனர். பேராசான்களின் பெயர்களை விடுத்து, பலபடியாகப் பெருக்கப்பட்ட பெயரற்ற பொருள்களை நோக்கித் திரும்பியவர் என்பதாலேயே பூக்ஸ் பெஞ்சமினுக்கு முக்கியமானார். கலை எவ்வாறு ஆக்கப்பட்டது என்பதோடு எவ்வாறு ஏற்கப்பட்டது என்பதையும் அத்தகைய பொருள்களே காட்டும்.

எனவே சேகரிப்பதா விடுவதா என்பது இங்கு வினாவன்று. எதனைக் காப்பது என்பதே வினா. ஆர்ட் அன்ட் புறொஜெக்ற் என்ற அம்ஸ்ரர்டாம் காட்சிக்கூடம் 1968 முதல் 1989 வரை 156 மடிதாள்களை வெளியிட்டு அஞ்சலில் அனுப்பியது. இத்தகைய தாள்களை விற்போர் ‘அஞ்சலிடப்படாதது’, ‘மடிப்புக் குலையாதது’ என்பனவற்றைத் தகுதிகளாக விதந்து கூறுதல் உண்டு. சந்தைக்கு வேண்டியது பயன்பெறுமதியின் தழும்பு படாத பரிவர்த்தனைப் பெறுமதி. வரலாற்று மாணவனுக்கோ அத்தழும்பே சான்று. பெறுநர் முகவரி, அஞ்சல் முத்திரைத் தேதி, ஓரத்திற் கிறுக்கிய தொலைபேசி எண் ஆகியன இத்தாள் எந்த வர்க்கத்தினரின் வாயிலை எப்போது தட்டியது என்பதைக் காட்டுவன. தொகுதிகளைப் பிரித்துத் தனித்தனியாக விற்கும்போது அழிவது இவ்வுறவுகளே.

ஈழத்து நாடக வரலாற்றை ஆராயப் புகுந்தோர் இதனை நன்கறிவர். நூலுருப் பெறாத நாடகங்களுக்கு நோட்டீசும் அநுமதிச் சீட்டுமே பலவேளை எஞ்சும் சான்று. அவையும் மளிகைக் கடையிற் சரை சுற்றப் போய்விட்டன. 1981இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் பின், எதனையும் ஓரிடத்தில் மட்டும் வைத்தல் தகாது என்ற அச்சமும் நமக்குண்டு. 2005இல் தொடங்கிய ‘நூலகம்’ எண்ணிம முயற்சி விலையின்றி யாவர்க்கும் திறந்திருப்பது என்ற வகையில் மேற்கூறிய ஏலச் சந்தைக்கு நேரெதிரானது. இத்தகைய பணியில் ஈடுபடுவோரிடம் நாம் வேண்டுவது ஒன்றே: அழைப்பிதழின் பின்பக்கத்தையும், அது வந்த உறையையும், அச்சகத்தின் பெயரையும் விடாது பதிவு செய்க, எண்ணெய்க் கறையைத் துடைத்துவிட வேண்டாம்.